அடப்பு வீடு விற்பனைக்கு

டிசம்பர் 17, புதன்

பெரியப்பா வந்தார். உட்கார்ந்தார். விலை சொன்னார். வீட்டுக்கு இல்லை, எங்களுக்கு.

வெளியாள் எவனும் இந்த வீட்டை வாங்க மாட்டானாம். அதனால் அவரே எடுத்துக்கொள்வாராம். நானும் அம்மாவும் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையைச் சரிபண்ணி அதிலேயே இருந்துகொள்ளலாமாம். மாசியில் அவர் மகனுக்குக் கல்யாணம். வரப்போகிற மருமகளுக்கு வீடு வேண்டும். எங்கள் வீடாக இருந்தால் மலிவு.

அவர் துணிச்சலுக்குக் காரணம் அடப்பு. அவர் தம்பியான எங்கள் அப்பா ஐப்பசியில் இறந்தார். அன்றைக்கு அவிட்ட நட்சத்திரம். அவிட்டத்தில் போனால் உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் போனவர் திரும்பி வந்து வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போவாராம். எங்கள் அப்பா கடைக்குப் போகக்கூட யாரையும் கூப்பிடாதவர்.

ஆக, வீட்டிலேயே பெரிய அறை சித்திரை வரைக்கும் பூட்டு.

"தை பொறந்ததும் முடிவச் சொல்லு வடிவு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார் பெரியப்பா.

"சரிங்க அத்தான்" என்றாள் அம்மா.

அவர் போனதும் கேட்டேன். "என்னத்துக்கும்மா சரிங்க?"

"பெறகு? வேண்டாம்னு சொன்னா வாங்குததுக்கு ஆள நீ கூட்டியாரப் போறியா?"

"கூட்டியாரேன்."

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "இன்ஜினியரிங்க ரெண்டு வருசத்துல விட்ட. ஜவுளிக்கடைய எட்டு மாசத்துல விட்ட. இப்பம் வீடு விக்கப் போறியாக்கும்?"

ஆமா.

வீடு அம்மா பேரில்தான். தூத்துக்குடியில் சித்தி ஜாக்கெட் தைக்கிறாள். அவள் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகிறது. வீடு நியாயமான விலைக்குப் போனால் அம்மாவும் சித்தியும் சேர்ந்து பெரிசாகப் போடலாம். போகாவிட்டால் தகரக் கொட்டகை, பெரியப்பா மருமகள் கழுவப் போடுகிற பாத்திரம். நான் இருக்கும்வரை அது நடக்காது.

டிசம்பர் 18, வியாழன்

புரோக்கர் சேர்மக்கனி அண்ணாச்சி வந்து வாசலில் நின்றபடியே வீட்டைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மார்கழியில எவனும் அட்வான்ஸ் தரமாட்டான் பிள்ள. ஆனா பாப்பான். இப்பம் பாத்து வச்சவந்தான் தையில துட்ட நீட்டுவான். அதுக்குள்ள வீட்டப் பாக்குத மாதிரி ஆக்கு. இப்பம் பாத்தா எழவு வீடு மாதிரில்லா இருக்கு."

"எழவு வீடுதான் அண்ணாச்சி."

"அதச் சொல்லாத."

அம்மா ஐந்தாயிரம் தந்தாள். இதற்கு மேல் கேட்டால் மிஷினைத்தான் விற்க வேண்டும் என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று நாளாகக் கழுவல். எங்கள் வீட்டில் சுவரை விடக் காலண்டர் அதிகம். நகைக்கடை, உரக்கடை, பாத்திரக்கடை, போன வருஷத்துது, அதற்கு முந்தினது. எல்லாவற்றையும் இறக்கினேன். ஆணி பிடுங்கின ஓட்டைகளில் பற்பசையை அப்பினேன். பெயின்ட் வாங்கக் காசு இல்லை, சுண்ணாம்புதான். கொஞ்சம் நீலமும் பசையும் கலந்து அடித்தால் தூரத்துக்குப் பெயின்ட் மாதிரியே இருக்கிறது. கிட்டே வந்து தடவினால் கையோடு வரும். வருகிறவர்கள் ஏன் சுவரைத் தடவ வேண்டும்?

அம்மாவின் பழைய சேலைகள் திரைச்சீலை ஆயின. ஜாக்கெட் வெட்டினதில் மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைத்துத் தந்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான். ஆனால் ஓரத்துக்குப் பட்டை வைத்துத் தைத்திருந்தாள்.

ஜவுளிக்கடையில் துணி மடிப்பதும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதும்தான் என் வேலையாக இருந்தது. பொம்மைக்குச் சுடிதார் தொளதொள என்று நிற்கும். பின்பக்கம் இழுத்து ஊசி குத்தினால் முன்னால் பார்ப்பவர்களுக்குக் கச்சிதம். வீட்டுக்கும் அதுதான் செய்கிறேன்.

பூட்டிய அறை வாசலில் தினமும் சாயங்காலம் விளக்கு வைக்க வேண்டுமாம். எண்ணெய்க் கறை தரையில் வட்டமாகப் பிடித்திருக்கிறது. சோடா போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இந்த மூடத்தனத்தால்தான் வீடே கெடுகிறது. சாவியும் எங்கே கிடக்கிறதோ.

டிசம்பர் 22, திங்கள்

அம்மா இன்றைக்கும் விளக்கை மறந்துவிட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏற்றினேன். எண்ணெய் வாங்கியாச்சு, வீணாகக் கூடாது.

டிசம்பர் 24, புதன்

காம்பவுண்டுச் சுவர். அவிட்டத்தில் போனவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாதென்று சுவரை இடித்து அந்த வழியாகத்தான் அப்பாவைக் கொண்டுபோனார்கள். இடிக்க ஆள் கூட்டிவந்த பெரியப்பா அடைக்க ஆள் கூட்டிவரவில்லை. வெறும் கல்லை அடுக்கி வைத்திருந்தோம்.

போனில் வீடியோ பார்த்து நானே சிமென்ட் குழைத்துப் பூசினேன். சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. மேலே சுண்ணாம்பு அடித்து, முன்னால் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்துவிட்டேன்.

பிறகு பெரிய யோசனை ஒன்று வந்தது. பீரோவை நகர்த்திப் பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்தாயிற்று. பக்கத்தில் ஒரு திரை. இப்போது அங்கே கதவு இருப்பதே தெரியாது. விளக்கைப் பீரோவுக்குப் பக்கவாட்டில் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "நல்லாருக்குட்டி, ஒரு ரூமையே காணாமப் பண்ணிட்ட" என்றாள். பாராட்டு இல்லை.

டிசம்பர் 26, வெள்ளி

முதல் ஆட்கள். வள்ளியூர்க்காரர், ரயில்வே. கூடவே மனைவியும் மனைவியின் தம்பியும். அவர்கள் ஹாலில் உட்கார்ந்து மெத்தை உறையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். தம்பிக்காரன் மட்டும் வீட்டைச் சுற்றி வந்தான்.

"யத்தான், வெளிய நின்னு எண்ணுனா ஏழு சன்னலு. உள்ள அஞ்சுதான் இருக்கு."

"சரியா எண்ணுடே."

"ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். மீதி ரெண்டு சன்னலு எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது ஸ்டோர் ரூம்" என்றேன்.

"ஸ்டோர் ரூமுக்கு வாசல் கெடையாதா? பொருள சன்னல் வழியாவா போடுவிய?"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தம்பிக்காரன் திரையை விலக்கினான். பீரோவுக்குப் பின்னால் நிலை தெரிந்தது, கீழே விளக்கு தெரிந்தது. ரயில்வேக்காரர் மனைவி எழுந்து செருப்பைத் தேடினார். காப்பி அப்படியே இருந்தது.

அண்ணாச்சி போனில் கத்தினார். "அடப்புன்னு சொல்லியிருந்தாக்கூட வெல பேசிருப்பாவ. நீ ஒளிச்சு வச்சதுனால உள்ள என்னமோ பொணத்தப் பொதச்சு வச்சிருக்க மாதிரில்லா ஆயிட்டு!"

டிசம்பர் 27, சனி

மூன்று காப்பியையும் நானே குடித்தேன். ஆறின காப்பி வயிற்றைப் பிடுங்குகிறது.

டிசம்பர் 29, திங்கள்

சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களுக்கு நட்சத்திரம் கிடையாது என்று யோசித்து, பள்ளிக்கூட வாத்தியார் ஜெபமணி சாரை வரச் சொன்னேன். பீரோ அங்கேயே இருந்தது. ஆனால் பின்னால் அறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"எங்களுக்கு நாளு கோளெல்லாம் கெடையாதும்மா. எல்லா நாளும் ஆண்டவரு நாளுதான்."

"அப்பம் அட்வான்ஸ் எப்ப சார்?"

"அதுக்கில்ல. எங்க மாமியா பழைய ஆளு. சித்திரை முடியட்டும், பெறகு பேசுவோம்."

ஆண்டவரையே சித்திரை வரைக்கும் காத்திருக்க வைத்துவிட்டார்கள்.

ஜனவரி 2, வெள்ளி

பெரியப்பா டேப்போடு வந்து ஹாலை அளந்தார். மருமகள் கொண்டுவருகிற சோபாவுக்கு இடம் பார்க்கிறாராம். நான் டேப்பின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றேன். இழுத்தார். வரவில்லை.

"காலை எடு பேராச்சி."

"எங்க வீட்டுத் தரை. எங்க வேணாலும் காலு வைப்பேன்."

அம்மா கூப்பிட்டதால் எடுத்தேன். டேப் சுருண்டு போய் அவர் விரலில் அடித்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பீரோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நகர்த்திப் பார்த்தால் கதவு நிலையெல்லாம் மண் கோடு. கரையான். உள்ளேயிருந்து வருகிறது. விரலால் குத்தினால் மரம் பொடியாக உதிர்கிறது.

மேலே பெயின்ட் அடித்துவிடலாம் என்றேன்.

"பெயின்ட் அடிச்சா தின்னுறது நிக்குமா? இன்னும் ஒரு மாசம் போனா நெலையே விழுந்துரும். தொற" என்றாள் அம்மா.

"அடப்புல்லா?"

"ஆருக்கு அடப்பு?"

"ஊருக்கு. பெரியப்பாவுக்கு. ஒனக்கு."

"எனக்கா?" அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவிய போயி மூணாம் நாளு, சட்டைய மடிச்சு வைப்போம்னு உள்ள போனேன். தொடாதன்னு கத்துன. வெளிய வந்ததும் பூட்டிட்ட. பெறகுதான் ஒங்க பெரியப்பா ஜோசியரக் கேட்டு ஆறு மாசம் அடப்புன்னாவ. நானும் சரி, பிள்ள மனசு ஆறட்டும்னு விட்டேன். சாவி அன்னைலருந்து ஒங்கிட்டல்லா இருக்கு."

"எங்கிட்ட இல்ல."

"ஜியாமெட்ரி பாக்ஸுல இருக்கு."

இருந்தது. எப்படி அங்கே போனதென்று எழுதப்போவதில்லை.

பூட்டு துருப்பிடித்திருந்தது, சாவி திரும்பவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் விட்டாள். கதவு பாதி திறந்து நின்றுகொண்டது. தோளால் இடித்தேன்.

ஆவி ஒன்றும் இல்லை. இரண்டு பல்லி இருந்தது. சன்னல் ஒன்று சரியாக மூடாமல் ஐப்பசி மழை, கார்த்திகை மழை எல்லாம் உள்ளே வந்திருக்கிறது. தரையில் செய்தித்தாள் ஒட்டிக் கிடந்தது. கட்டிலின் ஒரு காலைக் கரையான் முழுசாகத் தின்றுவிட்டது. கொசுவலை அப்படியே செருகியிருந்தது. கொடியில் காக்கிச் சட்டை. தைல வாசம் இன்னும் இருந்தது, பூஞ்சை வாசத்துக்கு அடியில்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் போய் இரண்டு சன்னலையும் திறந்தாள். துடைப்பத்தை எடுத்தாள். நான் சட்டையை எடுத்து மடித்தேன். மடிக்கத் தெரியவில்லை. ஜவுளிக்கடையில் எட்டு மாதம் மடித்தவள். நான்கு தரம் பிரித்து மடித்தேன்.

பிறகு நிறையத் தூசி. இரண்டு பேருக்கும் கண் சிவந்துவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

கரையான் மருந்து அடித்ததில் தலைவலி. யாரோ சொல்லி பெரியப்பா வந்துவிட்டார். கேட்டைத் தாண்டவில்லை.

"யாரக் கேட்டுத் தொறந்திய?"

"கரையானக் கேட்டுட்டுத்தான் தொறந்தோம்" என்றேன்.

"வாயக் கொறட்டி. நாளைக்கு இன்னொரு உசுரு போனா?"

"போனா வெல இன்னும் கொறையும். ஒங்களுக்குத்தான லாபம்?"

அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியவரிடம் இப்படியா பேசுவது என்றாள். ராத்திரி தோசை ஊற்றும்போது எனக்கு மட்டும் நெய் விட்டாள்.

ஜனவரி 8, வியாழன்

பீரோ பழைய இடத்துக்குப் போய்விட்டது. திரையைக் கழற்றியாச்சு. குரோட்டன்ஸ் தொட்டியும் வாசலுக்குப் போயிற்று. அம்மை போட்ட சுவர் தெரியட்டும். அறைக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு. கட்டிலுக்குக் காலில்லாத மூலையில் செங்கல். மெத்தைக்கு அம்மா புது உறை தைத்தாள், மஞ்சளில்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "இனிமே யாருட்ட சொன்னாலும் அடப்பு வீடுன்னு முதல்லயே சொல்லிருங்க. ஆறு மாசம் ஆகல, தொறந்துட்டோம்னும் சொல்லுங்க. நாங்க அந்த ரூமுலதான் படுக்கோம்னும் சொல்லுங்க."

"ஏ பிள்ள, முப்பது வருசமா யாவாரம் பாக்கேன். குத்தத்த முதல்ல சொல்லி விக்கச் சொல்லுதவள இப்பந்தான் பாக்கேன்."

"ஒளிச்சு வச்சுப் பாத்தோம்லா. வித்துச்சா?"

ஜனவரி 9, வெள்ளி

அந்த அறையில் படுத்தோம். காற்று நன்றாக வருகிறது. வேறு ஒன்றும் வரவில்லை. வந்தாலும் இடம் விட்டுத்தான் படுத்திருந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

தங்கபுஷ்பம் சிஸ்டர் வந்தார். பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் இல்லை. எட்டாவது படிக்கிற மகள். இதுவரை வந்தவர்களில் சுவரைத் தடவின முதல் ஆள்.

"சுண்ணாம்பா?"

"ஆமா. பெயின்ட்டுக்குத் துட்டு இல்ல."

"சரி. தண்ணி எப்ப வரும்? செப்டிக் டேங்க் எங்கன இருக்கு? மழைக்கு மேல ஒழுகுமா?" ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். பிறகு அறைக்கு வந்தார். "இதானா அது?"

"இதான்."

மெத்தையைத் தட்டிவிட்டு, படுத்தே பார்த்துவிட்டார்.

"பாத்து. ஒரு காலு செங்கலு" என்றேன்.

"எனக்கு மாசத்துல பாதி நைட்டு டூட்டிம்மா. பகல்ல தூங்கணும். இப்பம் இருக்க வீட்டுல வெயிலு மூஞ்சிலயே அடிக்கி. இங்க எப்படி?"

அப்போதுதான் ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அப்பா ராத்திரி மதுரை பஸ் ஓட்டிவிட்டு விடிந்து வருவார், இங்கேதான் தூங்குவார், காலையில் வெயில் கால்மாட்டில் மட்டும் விழும், ஒன்பது மணிக்கு மேல் அதுவும் போய்விடும், தலையை வடக்கே வைக்கக் கூடாதென்று சொல்வார்கள், அவர் வைப்பார், காற்று அங்கிருந்துதான் வரும், தெருவில் மீன்காரர் வந்தால் இந்தச் சன்னலை மட்டும் மூடினால் போதும், அந்தச் சன்னல் கொக்கி விழாது, ஒரு துணியைச் செருகுவார், வலது பக்கம் படுத்தால் கட்டில் கிறீச்சிடும் என்று இடது பக்கமே படுப்பார், அவர் தூங்கும்போது நாங்கள் குக்கர்கூட வைக்க மாட்டோம், நான் காலேஜை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் தூங்காமல் உட்கார்ந்திருந்தார், திட்டுவார் என்று நின்றால் சாப்பிட்டியா என்று கேட்டார்.

சிஸ்டர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் நின்றாள்.

ஏன் அவ்வளவு சொன்னேன்? வீடு விற்கத்தான். அதற்கு அதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்தார். பெரியப்பா சொன்னதை விட அது எவ்வளவோ மேல். தை இரண்டாம் தேதி அட்வான்ஸ் என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. கரும்பு மட்டும் வாங்கித் தின்றேன். அதற்குத் துக்கம் கிடையாது.

ஜனவரி 16, வெள்ளி

சிஸ்டர் மகளோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டை வாங்குகிற நேரம் கேட் சத்தம். பெரியப்பா. அவரும் தட்டோடு வந்திருந்தார். அட்வான்ஸ் தட்டு.

நிலைமை புரிந்ததும் கேட்டிலேயே நின்று சிஸ்டரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "யம்மா, இது அடப்பு வீடுன்னு ஒங்கள்ட்ட சொன்னாவளா?"

"முதல்ல அதத்தான் சொன்னாவ."

"அவிட்டம்மா! ஆறு மாசம் ஆகல! பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கிய."

சிஸ்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். "அண்ணாச்சி, நான் பதினெட்டு வருசமா ஆஸ்பத்திரில கெடக்கேன். எங்க வார்டுல அவிட்டத்துலயும் போவாவ, சதயத்துலயும் போவாவ. மறுநாளே அந்தக் கட்டிலுக்கு ஆளு வந்துரும். அடப்பு போட்டா நோயாளிய எல்லாம் மரத்தடியிலதான் போடணும். நீங்க ஒரு நா வந்து படுக்கணும்னா எந்தக் கட்டில்ல படுப்பிய?"

பெரியப்பா தட்டைக் கை மாற்றிப் பிடித்தார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அத்தான், தை பொறந்ததும் முடிவு கேட்டிய. இதான் முடிவு."

சத்தமே போடாமல் சொன்னாள். இவ்வளவு நாள் நான் போட்ட சத்தத்தில் இதற்கு ஈடாக ஒன்றுமில்லை.

அவர் தெருவுக்குத் திரும்பிக் கத்த ஆரம்பித்தார். அறுதலிக்கும் அவள் மகளுக்கும் திமிராம். விவரம் தெரியாதவள் தலையில் சாவு வீட்டைக் கட்டுகிறார்களாம். தெரு கூடிவிட்டது. இரண்டரை மாதமாகக் கேட்டோடு நின்று பேசிவிட்டுப் போகிற தெரு.

நான் வீட்டுக் கதவு, அறைக் கதவு, எல்லா சன்னலையும் திறந்தேன். கேட்டையும் விரியத் திறந்தேன்.

"வாங்க! எல்லாரும் வாங்க! எங்கப்பா செத்த ரூமு. சும்மாதான், வந்து பாருங்க. என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போங்க!"

யாரும் அசையவில்லை. பிறகு எதிர்வீட்டு மரகதம் அத்தை சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வரலாமாட்டி?"

"கூப்பிடத்தான செய்யுதேன்."

அத்தை அறை வாசலில் கொஞ்சம் நின்றார். உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தைத் தொட்டார். "ஆவுடையப்பண்ணன் இங்கனயா தூங்குவாவ? எம் மவன் பரீட்சைக்குப் போவ பஸ்ஸ விட்டுட்டான். வண்டிய ஷெட்டுல விட்டுட்டு வந்த மனுசன், உறக்கக் கண்ணோட சைக்கிள்ல கொண்டுபோயி விட்டுட்டு வந்தாவ. எங்கிட்ட அவிய சொல்லவே இல்ல. மவந்தான் சொன்னான்."

"எங்கிட்டயும் சொல்லல" என்றாள் அம்மா.

அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் தையல் துணி கொடுக்கிறவர்கள், பால்காரர், அண்ணாச்சி. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அறையில் இடமில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செத்த அன்றைக்குச் சுவரை இடிக்கிற அவசரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்கவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து அழுதாள், ஒரு கதைக்குச் சிரித்தாள், மறுபடி அழுதாள். சிஸ்டர் மகள் செங்கல் இருக்கிற பக்கம் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டாள், இப்போதே அவள் கட்டில் மாதிரி.

அரை லிட்டர் பால்தான் இருந்தது. தண்ணீரை ஊற்றிக் காப்பி போட்டேன். காப்பியா கழுநீரா என்று கேட்கிற நிறம். எல்லோரும் குடித்தார்கள்.

ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது. கேட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா மட்டும் தட்டோடு நின்றார். கத்துவதற்குத் தெருவில் ஆள் இல்லை.

"உள்ள வந்து குடிங்க பெரியப்பா. வெளிய வச்சுத் தரமாட்டேன்."

தம்ளரைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சன்னலைப் பார்த்தார். உள்ளே மரகதம் அத்தை வாயாலேயே அப்பா மாதிரி ஹாரன் அடித்துக் காட்ட, எல்லோரும் சிரிக்கிற சத்தம். செத்தது இவருடைய தம்பியும்தான். ஒரு கால் உள்ளே வைத்தார்.

நான் நகர்ந்து வழி விட்டேன். விட்டேன்தான், பொய் சொல்லவில்லை.

வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

காப்பி ஆறியது. அவர் பார்க்கப் பார்க்க நின்று நானே குடித்தேன்.